வெளியாள் தொட்ட பந்து

சென்னைக்குப் போய்விட்டு நல்லபடியாகத் திரும்பி வந்துவிட்டேன். வந்த அன்றைக்குக் கதவைத் திறந்து, பையைக் கூடத்திலேயே போட்டுவிட்டுப் படுத்தவள், மறுநாள் மீன்காரனின் வண்டி ஹாரன் அடிக்கும்வரை எழுந்திருக்கவில்லை. நெஞ்சில் ஏறி உட்கார்ந்திருந்த ஒன்று இறங்கிப் போனால் உடம்புக்கு இப்படித்தான் ஒரு தூக்கம் வரும் போலிருக்கிறது.

என் பெயர் லெட்சுமி. ஜோகூரில் ஒரு கித்தாத் தோட்டத்தில் பிறந்தவள். ரப்பரை நாங்கள் கித்தா என்றுதான் சொல்லுவோம். தோட்டத்துப் பள்ளியில் இரண்டாம் வகுப்போடு என் படிப்பு முடிந்தது. தமிழை எழுத்துக் கூட்டி வாசிப்பேன், மெதுவாக எழுதுவேன், அவ்வளவுதான். கல்யாணமாகி நான் பால் மரம் சீவிக்கொண்டிருந்த காலத்தில், கம்பெனி மரத்தையெல்லாம் சாய்த்துவிட்டு அந்த இடத்தில் கோல்ஃப் திடல் போட்டது. நிறையப் பேர் பட்டணத்துக்குப் போனார்கள். நான் போகவில்லை. மரம் நின்ற இடத்தில் புல் வந்தது. அந்தப் புல்மேல் ஆடுகிறவர்களின் பையை இழுக்கிற கேடி வேலையில் சேர்ந்தேன். தமிழ்நாட்டில் கேடி என்றால் போக்கிரி என்று ஒரு பொருள் உண்டாம். எங்கள் ஊரில் அது மரியாதையான வேலை. முழங்கால் போகும்வரை அதைத்தான் பார்த்தேன். ஜப்பான்காரர்கள் வந்தால் "லெட்சுமி இருக்கா?" என்று கேட்டுவிட்டுத்தான் பையை இறக்குவார்கள். இதைப் பெருமைக்குத்தான் சொல்கிறேன்.

என் ஒரே மகன் குமரன் கோலாலம்பூரில் கம்ப்யூட்டர் வேலையில் இருக்கிறான். அவனோடு வேலை பார்த்த மைதிலி என்ற மயிலாப்பூர்ப் பெண்ணுக்கும் அவனுக்கும் பிடித்துப் போயிற்று. அவள் சென்னைக்கே திரும்பிவிட்டாள். பெற்றவர்களைப் பார்த்துப் பேச வேண்டும் என்றுதான் நாங்கள் கிளம்பினோம். அவனுக்கு லீவு கிடைத்தது ஆடி மாதத்தில். ஆடியில் எவன் பெண் கேட்பான் என்று நான் சொல்லிப் பார்த்தேன். கம்பெனிக்காரனுக்கு ஆடி ஏது, ஆவணி ஏது.

விமானம் இறங்கப் போகிற நேரத்தில் குமரன் என் காதுப் பக்கம் குனிந்தான்.

"அம்மா, ஒரு விஷயம். அப்பா இருந்தப்ப தோட்டத்துல லாரி ஓட்டுனது அவங்களுக்குத் தெரியும். உங்களப் பத்தி மட்டும், வீட்டுலதான் இருந்தாங்கன்னு சொல்லி வச்சிருக்கேன்."

"ஏன்?"

"மைதிலியோட அப்பா கோல்ஃப் கிளப்புல மெம்பர். அங்க கேடின்னா..."

"கேடின்னா?"

"நீங்க ஒண்ணும் சொல்ல வேணாம்மா. கேட்டா நான் பேசிக்கிறேன்."

சரி என்றேன். கொடுத்த வாக்கை மாற்றுகிற பழக்கம் எனக்குக் கிடையாது. ஆனால் அதற்குப் பிறகு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். கீழே கடலும் கரையும் வந்திருக்கும். நான் எதையும் பார்த்ததாக ஞாபகம் இல்லை.

வேளச்சேரியில் குமரனுடைய சிநேகிதனின் அடுக்குமாடி வீடு காலியாக இருந்தது. அங்கேதான் தங்கினோம். முதல் நாள் காலையில் முக்கு ஓட்டலுக்குப் போனோம். பரிமாறுகிற ஆளிடம், "தம்பி, பசியாற என்ன இருக்கு?" என்று கேட்டேன். எங்கள் ஊரில் காலைச் சாப்பாட்டுக்குப் பெயரே பசியாறுவதுதான். அந்த ஆள் என்னை ஒரு மாதிரி பார்த்தான். ரொம்பப் பசியில் வந்த கிழவி என்று நினைத்தானோ என்னவோ, கேட்காமலேயே ஓர் இட்லி அதிகமாக வைத்துவிட்டுப் போனான். இட்லி பூப்போல இருந்தது. சாம்பாரில்தான் இனிப்புத் தட்டியது. எங்கள் ரொட்டி சானாய்க்கு ஊற்றுகிற பருப்புக் குழம்பின் காரம் இங்கே யாருக்கும் தேவைப்படவில்லை.

மறுநாள் மயிலாப்பூருக்குப் பறக்கும் ரயிலில் போனோம். பெயர்தான் பறக்கும் ரயில், தூணுக்கு மேலே நிதானமாகத்தான் போகிறது. ஸ்டேஷன்கள் ஒவ்வொன்றும் அரண்மனை மாதிரிப் பெரிதாக இருக்கின்றன, உள்ளே ஆள்தான் இல்லை. காற்று நன்றாக வந்தது. நான் கண் அசந்துவிட்டேன். குமரன் கைப்பேசியில் மைதிலியோடு பேசிக்கொண்டே வந்தான். இறங்க வேண்டிய இடம் எப்போது போனதென்று இரண்டு பேருக்கும் தெரியாது. கண் விழித்தபோது சிந்தாதிரிப்பேட்டை. இறங்கினால் மீன் வாடை. கூடையை இறக்கி வைத்துக்கொண்டு மூச்சு வாங்கிய ஒரு பெண்பிள்ளை, "இன்னா ஆயா, எங்க போவணும்?" என்றாள்.

"மயிலாப்பூர்."

"அத்த தாண்டிக்கினு வந்துட்டியே. தூங்கிக்கினு வந்தியா? புள்ள முழிச்சினுதான கீது, அது சொல்ல கூடாது?"

புள்ள கைப்பேசியைப் பையில் போட்டுக்கொண்டது.

எதிர் ரயிலைப் பிடித்துப் போய்ச் சேர்வதற்குள் சொன்ன நேரம் நன்றாகத் தாண்டிவிட்டது. கோயில் குளத்துக்குப் பின்னால் மாடியில் வீடு. மைதிலியின் அம்மா கமலா வாசலிலேயே நின்றிருந்தார். "வாங்கோ, வாங்கோ. ரயில்லே தூங்கிப்போயிட்டேளாமே? மைதிலி சொன்னா. நானும் அப்படித்தான், உக்காந்தா போறும்" என்று கையைப் பிடித்து உள்ளே கூட்டிப் போனார். அடையும் அவியலும் வைத்தார்கள். பிறகு காப்பி. எங்கள் ஊர்க் கோப்பி கறுப்பாக, ஒரு பெரிய குவளை நிறைய வரும். இவர்களுடையது சின்னக் கிண்ணத்துக்குள் ஒரு டம்ளர், தொட்டால் விரல் வெந்துவிடும். ருசியில் குறை சொல்ல முடியாது.

"ஆடிலே பொண்ணு பாக்கப்படாது. அதனாலே இது பொண்ணு பாக்கறது இல்லே. நீங்க சும்மா வந்திருக்கேள், நாங்க சும்மா டிபன் பண்ணியிருக்கோம்" என்றார் கமலா.

"சும்மாவா? கார்த்தாலேருந்து அரைச்சுண்டிருக்கே" என்றார் மைதிலியின் அப்பா. அவர் பெயர் வரதன். இன்ஷூரன்ஸ் கம்பெனியில் பெரிய வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். ஒடிசலான உடம்பு, வெயிலில் காய்ந்த நிறம். ஒரு கை மட்டும் வெளுத்திருந்தது. உறை போட்டு ஆடுகிற கை. பார்த்ததுமே ஆள் தினமும் ஆடுகிறவர் என்று தெரிந்துவிட்டது. தெரிந்ததை வைத்துக்கொண்டு நான் சும்மா இருந்தேன்.

கமலா என் பக்கம் திரும்பினார். "நீங்க வேலைக்குப் போயிண்டிருந்தேளா, இல்லே ஆத்துலேயேதானா?"

நான் டம்ளரை வாயிலிருந்து எடுப்பதற்குள் குமரன் முந்திக்கொண்டான். "அம்மா வீட்லதான் ஆன்ட்டி."

நான் காப்பியைக் குடித்து முடித்தேன். அடியில் கொஞ்சம் சர்க்கரை கரையாமல் கிடந்தது.

கிளம்பும்போது வரதன் குமரனின் தோளில் கையைப் போட்டார். "மைதிலி சொன்னா, நீங்க ஆடுவேள்னு. எல்லாரும் ஜாதகம் பாப்பா. நான் ஒரு ரவுண்டு ஆடிப் பாப்பேன். ஒத்தரும் பாக்காதபோது பந்தைக் காலாலே தள்றவன் யார், அடியைக் குறைச்சுச் சொல்றவன் யார்னு ஒன்பது குழிக்குள்ளே தெரிஞ்சுடும். பெரியவளுக்கு வந்த ஒரு வரனை அப்படித்தான் வேண்டாம்னேன்."

"பாவம், அந்தப் பையனுக்குக் கிட்டப்பார்வை" என்றார் கமலா.

"கிட்டப்பார்வை கண்ணுக்குத்தானே, காலுக்கு இல்லையே. ஞாயித்துக்கெழமை கார்த்தாலே வாங்கோ. அம்மாவையும் அழைச்சுண்டு வாங்கோ. வராந்தாவிலே காத்து நன்னா வரும்."

அவர் சிரித்துக்கொண்டேதான் சொன்னார். ஆனால் படி இறங்கும்போது குமரனின் முகத்தில் சிரிப்பு இல்லை. "பாத்துக்கிட்டீங்களாம்மா, இவருக்கு அதுதான் எல்லாமே" என்றான். உன் ஆட்டத்தைப் பற்றி எனக்குக் கவலை இல்லை என்று சொல்ல நினைத்தேன். மற்றதைப் பற்றித்தான் கவலை.

சனிக்கிழமை தி.நகர். ஆடித் தள்ளுபடி. ரங்கநாதன் தெருவில் நாங்கள் நடந்தோம் என்று சொல்வது தப்பு, கூட்டம் எங்களைக் கொண்டு போனது. எங்கள் ஊரில் தீபாவளிக்கு முதல் நாள்கூட இப்படி இருக்காது. யாரோ மிதித்து என் செருப்பின் வார் அறுந்தது. நல்லதாகப் போயிற்று. திடலுக்குச் செருப்போடு விடமாட்டார்கள் என்று குமரன் ஏற்கெனவே சொல்லியிருந்தான். வராந்தாவில் உட்காருகிறவளுக்கு எதற்கு ஷூ என்றும் சொன்னான். அவன் துணிக்கடைக்குள் இருந்தபோது, நான் வெறுங்காலோடு பக்கத்து ஷூக் கடைக்குள் போனேன். வெள்ளைக் கேன்வாஸ் கேட்டேன்.

"வாக்கிங் போவியா ஆயா?" என்றான் கடைக்காரன்.

"நடப்பேன்."

"எம்மாந்தூரம்?"

"ஒம்பது குழி."

அவன் ஒரு நிமிஷம் யோசித்தான். "குழி கிழின்னு எதுக்கு ஆயா அங்கெல்லாம் போற, பார்க்குல நட" என்று நாடாவைக் கட்டிவிட்டான்.

அந்தச் சொல்லை வாய்விட்டுச் சொன்னதிலேயே எனக்குப் பாதிப் பாரம் குறைந்தது.

ஞாயிறு விடியற்காலையில் ஆட்டோ. அடையாற்றுக்குப் பக்கத்தில், நாலு பக்கமும் கட்டடம் எழும்பிவிட்ட ஊருக்கு நடுவில், ஒரு பச்சைத் துண்டு. எந்த கிளப் என்று சொல்லப் போவதில்லை. உள்ளே நுழைந்ததும் வெட்டின புல் வாசம். மூக்கு அதை மறக்காது. எங்கள் திடலில் காலையில் பனிமூட்டமும் உடும்பும் இருக்கும். இங்கே காகமும் நாயும், சுவருக்கு அந்தப் பக்கம் பஸ் சத்தமும்.

கமலாவும் மைதிலியும் வராந்தாவில் டிபன் டப்பாக்களோடு உட்கார்ந்துவிட்டார்கள். வரதன் மட்டும் கோபமாக நின்றிருந்தார். கேடிகள் வரவில்லை. ஒரே ஒருவர் வந்திருந்தார். மணி என்று பெயர், ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும்.

"இன்னிக்கு அம்மனுக்குக் கூழு ஊத்துறாங்கோ சார். ஒர்த்தனும் வர்ல. நீங்க சொன்னீங்களேன்னு நான் மட்டும் பெரும்பாக்கத்துலேர்ந்து மொத பஸ்ஸப் புட்ச்சி வந்துக்கினேன்."

ஆகவே வரதனின் பையை மணி தூக்கிக்கொண்டார். குமரனுக்குச் சக்கரம் வைத்த வண்டி ஒன்று கிடைத்தது. அதில் பையைக் கட்டி அவனே இழுத்துக்கொள்ள வேண்டியதுதான்.

"நானும் கூட நடந்து பாக்குறேன்" என்றேன். குமரன் என் காலைப் பார்த்தான். வெள்ளை ஷூ.

முதல் குழி வாசலில் ஒரு பலகை. ஆங்கிலத்தில் ஏதோ எழுதியிருந்தது. மணியிடம் என்ன என்று கேட்டேன்.

"லோக்கல் ரூலு ஆயா. ஒவ்வொரு கிரவுண்டுக்கும் ஒண்ணு கீது. இங்க காக்கா பந்தத் தூக்கினு போச்சுன்னா வேற வெச்சிக்கலாம். ஆனா அது தூக்கினத யாராச்சும் கண்ணால பாத்திருக்கணும். பெருச்சாளி வளைல வுழுந்தா எடுத்து வெளிய போட்டுக்கலாம். சொவுத்துக்கு அந்தாண்ட போச்சா, போனதுதான். ரோட்டுல போறவன் மண்டைல வுழாம இருந்தா அதுவே புண்ணியம்."

"எங்க ஊர்ல குரங்கு தூக்கும்" என்றேன்.

"உங்க ஊர்ல கோல்ப் கீதா ஆயா?"

"இருக்கு" என்று சொல்லிவிட்டு வேகமாக நடந்தேன்.

குறைந்த அடியில் பந்தைக் குழியில் போடுகிறவருக்குத்தான் ஜெயம். வரதன் வயதுக்குச் சலுகையாகச் சில அடிகளை வாங்கிக்கொண்டு ஆடினார். மோசமில்லை. நேராக அடிப்பார், தூரம் போகாது. குமரன் அடித்தால் தூரம் போகும், எங்கே போகும் என்பது பந்துக்கே தெரியாது. சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். மூன்றாவது குழியில் அவன் பந்து புதருக்குள் போய்விட்டது. வண்டியைப் பாதையிலேயே விட்டுவிட்டுத் தேடப் போனான். அடுத்த அடி எங்கிருந்து அடிப்பான் என்று எனக்குத் தெரியும். வண்டி அங்கே இருந்தால்தானே வசதி. கை தானாகப் போய்ப் பிடியைப் பிடித்தது. சக்கரம் உருண்டது. புதரிலிருந்து வெளியே வந்தவன் பார்த்தான். வேண்டாம் என்று சொல்லவில்லை. நான் கேட்கவும் இல்லை. அதற்குப் பிறகு வண்டி என்னிடமே இருந்தது.

"பாருங்கோ, அம்மான்னா அம்மாதான். பிள்ளை பாரம் சுமக்கப் பொறுக்கலை" என்றார் வரதன்.

முழங்கால் வலித்தது. வலித்தாலும் ஒரு சுகம். வெயில் ஏறியது, வியர்த்தது, சக்கரம் ஒரு பக்கம் கீச்சிட்டது. எதிரே புல்லில் இரண்டு காகங்கள் எங்களைக் கணக்குப் பார்த்துக்கொண்டே நடந்தன.

கடைசிக் குழிக்கு வந்தபோது இரண்டு பேரும் சமம். வராந்தா கண்ணுக்குத் தெரியும் தூரம். குமரனின் பந்து கிரீனுக்கு, அதாவது குழியைச் சுற்றி ஒட்ட வெட்டிய புல்லுக்கு, கொஞ்சம் முன்னால், தண்ணீர் தெளித்து நனைந்திருந்த இடத்தில் கிடந்தது. அவனும் வரதனும் பின்னால் எதையோ பேசிக்கொண்டு வந்தார்கள். நான் வண்டியோடு முதலில் போய்ச் சேர்ந்தேன். பந்தின் ஒரு பக்கம் முழுக்கச் சேறு.

எங்கள் ஊரில் மழை நிற்கிற மாதம் என்று ஒன்று கிடையாது. அதனால் எங்கள் திடலில் பந்தை எடுத்துத் துடைத்துத் திரும்ப வைக்கலாம் என்று ஒரு சட்டம். அந்தப் பலகையைக் கழற்றியே நான் பார்த்ததில்லை. ஆடுகிறவர் வந்து சேர்வதற்குள் பந்தைத் துடைத்து வைத்திருந்தால்தான் அவள் நல்ல கேடி. நான் நல்ல கேடி. குனிந்து எடுத்தேன், முந்தானையில் துடைத்தேன், எடுத்த இடத்திலேயே வைத்தேன்.

நிமிர்ந்தபோது மணி என்னையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"இன்னா ஆயா, இப்டி பண்ட்ட? அது மழைக்காலத்துல பலகை வெச்சா மட்டும்தான் இங்க. இப்ப தொடக்கூடாது."

வரதனும் பார்த்துவிட்டார். இந்த ஓர் அடியில்தான் ஆட்டமே நிற்கிறது, ஆட்டத்தில்தான் கல்யாணமே நிற்கிறது, நான் போய்க் கையை வைத்துவிட்டேன்.

"பரவாயில்லே, பரவாயில்லே" என்று கையைத் தூக்கிக்கொண்டே வந்தார் வரதன். "பதறாதேங்கோ மாமி. கேடி எடுத்திருந்தா ஆடறவர் கணக்கிலே ஒரு அடி தண்டனை. நீங்க பாக்க வந்தவா, வெளியாள். வெளியாள் தொட்டா தண்டனை கிடையாது. இருந்த எடத்திலே வெச்சாச்சோல்லியோ, ஆடுங்கோ குமரன்."

எவ்வளவு நல்ல மனுஷன். ஒரு வார்த்தையில் எல்லாவற்றையும் சரி செய்துவிட்டார். குமரன் செய்ய வேண்டியதெல்லாம் தலையை ஆட்டிவிட்டு மட்டையை எடுப்பது ஒன்றுதான்.

எனக்கு மட்டும் அந்தச் சொல் காதிலேயே நின்றது. வெளியாள். மூன்றாவது குழியிலிருந்து வண்டியை இழுத்தவள், பந்து எங்கே விழும் என்று இவனுக்கு முன்னே தெரிந்தவள், புல்லில் கால் வைத்து நிற்கிற எனக்கு வெளியாள் என்று பெயர். சொல்லிவிடலாம். சொன்னால் கொடுத்த வாக்கு போகும், இவன் சொன்ன பொய் வெளியே வரும், பெண்ணும் போவாள். வண்டியின் பிடியை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

குமரன் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான். வராந்தாப் பக்கம் ஒரு முறை பார்த்தான். பிறகு என் கையைப் பார்த்தான்.

"சார், அவங்க வெளியாள் இல்ல."

"அம்மா வெளியாள் இல்லேதான். நான் ரூல்படி சொன்னேன்."

"ரூல்படியும் இல்ல சார். மூணாவது குழியிலேர்ந்து அம்மாதான் என் கேடி. இன்னிக்கு மட்டும் இல்ல. எங்க ஊர்த் திடல்ல முட்டி தேயுற வரைக்கும் அம்மா கேடிதான். அதுல வந்த சம்பளத்துலதான் நான் படிச்சேன்." அவன் குரல் கொஞ்சம் கரகரத்தது. "ஒரு அடி என் கணக்குல போடுங்க."

எனக்குக் காதில் சரியாகத்தான் விழுந்ததா என்று சந்தேகமாக இருந்தது. மணியைப் பார்த்தேன். அவர் தலையிலிருந்த துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

வரதன் மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். "அன்னிக்கு ஆத்துலே, அம்மா வீட்லதான்னேளே?"

"பொய் சொன்னேன் சார்."

"ஏன்?"

"நீங்க என்ன நெனப்பீங்களோன்னு."

வரதன் கண்ணாடியைச் சட்டையில் துடைத்தார், வெயிலில் தூக்கிப் பார்த்தார், மறுபடி துடைத்தார். ஒரு காகம் கத்திவிட்டுப் போனது.

"பொய்க்கு ரூல் புஸ்தகத்திலே தண்டனை எதுவும் போடலை" என்றார் கடைசியில். "பந்துக்கு ஒண்ணு போட்டிருக்கு. அதை நான் எடுத்துக்கறேன். ஆடுங்கோ."

குமரன் அடித்த அடியில் பந்து கிரீனில் ஏறி உட்கார்ந்தது. வரதன் தன் பந்தைக் குழியில் போட்டு முடித்துவிட்டார். இப்போது குமரன் இதை ஒரே தட்டில் உள்ளே தள்ளினால் சமம், இல்லாவிட்டால் தோல்வி. தூரம் அதிகமில்லை. அவன் பந்துக்குப் பின்னால் போய் நின்றுகொண்டு, எல்லோருக்கும் கேட்கிற மாதிரிக் கூப்பிட்டான்.

"அம்மா, எந்தப் பக்கம்மா போகும்?"

நான் வண்டியை விட்டுவிட்டு வந்தேன். முழங்காலை மடக்கி உட்கார்ந்தேன். கிரீனில் புல் எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறதோ அந்தப் பக்கம் பந்து இழுக்கும். இது எனக்கு என் வீட்டு அடுப்பு மாதிரி. பார்த்தேன். மணி இருமினார். நான் அவரைத் திரும்பிப் பார்க்கவில்லை.

"வலது பக்கம் ஒரு சாண் விட்டு அடி. உள்ள வரும்."

அவன் அப்படியே அடித்தான். அழகாகத்தான் போயிற்று. குழிக்குக் கிட்டே வந்து, எனக்கென்ன என்று இன்னும் வலது பக்கமே திரும்பி, ஒரு முழம் தள்ளிப் போய் நின்றது.

"இங்க எல்லாம் ஆத்துப்பக்கம்தான் ஆயா எறங்கும்" என்றார் மணி. "புல்லப் பாக்கவே கூடாது, ஆத்தப் பாக்கணும். சார் பை எங்கையில இருக்கசொல்ல நான் உங்களாண்ட சொல்லக் கூடாது. அதான் இருமிக் காட்டினேன்."

"இருமினா எனக்கென்ன தெரியும். சளின்னு நெனச்சேன்."

குமரன் சிரித்தான். கோலாலம்பூரில் விமானம் ஏறியதிலிருந்து அவன் சிரித்தது அதுதான் முதல் தடவை. தோற்றவன் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. எனக்கும் சிரிப்பு வந்தது. உட்கார்ந்த இடத்திலிருந்து எழுந்திருக்க முடியவில்லை. அவன் கை கொடுத்துத் தூக்கிவிட்டான்.

வரதன் அதற்குள் வராந்தாப் பக்கம் பாதித் தூரம் போய்விட்டார். "கமலா, நான் ஜெயிச்சுட்டேன்" என்று அவர் சொன்னது ரோட்டுவரை கேட்டிருக்கும்.

நாங்கள் போய்ச் சேர்வதற்குள் நடந்ததையெல்லாம் சொல்லி முடித்திருந்தார். கமலாவின் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை. அவர் என் ஷூவைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அதானே பாத்தேன். வராந்தாவிலேருந்து பாத்துண்டேதான் இருந்தேன். யாரு இது, இந்த வயசிலே இந்த நடை நடக்கறதுன்னு. இவர் வருஷக் கணக்கா ஆடறார், ஒரு நாள் இவரோட நடந்து முடிச்சதில்லே நான். வெயில்லே தலை வலிக்காதா உங்களுக்கு?"

"ஈரத் துணியத் தொப்பிக்குள்ள வச்சிக்குவோம்" என்றேன்.

"நல்ல யோசனை. இவர்கிட்டே சொல்லுங்கோ. ஆடிட்டு வந்து மத்தியானம் பூரா தைலம் தேடறார்."

மைதிலி குமரனுக்கு எதிரே போய் நின்றாள். "என்கிட்டயும்தான் சொல்லலை நீ. அப்பா விட்டுட்டார். நான் விடப்போறதில்லை. உனக்குத் தனியா இருக்கு."

"எத்தன அடி?" என்றான் குமரன்.

"எண்ணி முடியாது."

அவள் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, டப்பாவைத் திறந்து எனக்கு முதலில் இட்லி வைத்தாள். மிளகாய்ப் பொடி. கடைசியில் இந்த ஊரிலும் காரம் இருந்தது. மணியையும் கூப்பிட்டுச் சாப்பிடச் சொன்னேன். வீட்டில் கூழ் காத்துக்கொண்டிருக்கிறது என்று சொல்லிவிட்டு, ஒரு வடையை மட்டும் எடுத்துக்கொண்டு பஸ்ஸுக்கு ஓடினார்.

"ஆடி போகட்டும். ஆவணிலே நல்ல நாளா ரெண்டு மூணு பாத்து வெக்கறேன். நீங்களும் அங்கே கேட்டுண்டு சொல்லுங்கோ" என்றார் கமலா, சட்னியைக் கிளறிக்கொண்டே. இதைத்தான் கேட்க நாங்கள் கடல் தாண்டி வந்தோம். தேங்காய் கொஞ்சம் கூடிப்போச்சு என்பது போல அவர் அதைச் சொன்னதுதான் எனக்குப் பிடித்தது.

வரதன் இன்னும் ஜெயித்த களையிலேயே இருந்தார். எதிர் நாற்காலியில் சாய்ந்துகொண்டு, "கல்யாணம் ஆனதும் உங்க ஊருக்கு வரேன். உங்க திடல்லே ஆடியே ஆகணும். குரங்கு, உடும்பு எல்லாம் பாக்கணும். என்ன மாமி, என் பைக்கு நீங்க வருவேளா?" என்றார்.

தப்பாக ஒன்றும் கேட்கவில்லை. ஆட்டக்காரர் ஒருவர் நல்ல கேடியைக் கேட்கிற கேள்விதான். ஆனாலும் மேஜையில் எல்லோரும் சாப்பிடுவதை நிறுத்திவிட்டார்கள்.

"உங்க பைக்கு நல்ல ஆளா நானே பாத்துக் குடுக்குறேன் சம்பந்தி" என்றேன். "எனக்கு ஏற்கெனவே ஒரு பை இருக்கு."

குமரன் என் பக்கத்து நாற்காலியில்தான் இருந்தான். நான் சொல்லி முடித்தபோது அவன் தரையைப் பார்க்கவில்லை. தன் வடையில் பாதியைப் பிய்த்து என் தட்டில் வைத்தான்.